கத்திரி படாத கோட்டு

எங்கள் பள்ளி பேண்டு கோட்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. முதல் விதி அதுதான். நல்ல சிவப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றியும் கைமுனையிலும் வெள்ளைப் பட்டி. நனைத்தால் சிவப்பு இறங்கி வெள்ளையில் ஏறிக்கொள்ளும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. சாயம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பூரில் எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் சாயப்பட்டறையில்தான் இருந்தார்கள், என் அப்பா உட்பட. அவர் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவார். அவர் நகக்கண்ணைப் பார்த்தால் முந்தின நாள் என்ன கலர் ஓடியது என்று தெரிந்துவிடும்.

ஆக, கோட்டைத் துவைக்கவே மாட்டோம். எனக்கு முன்னால் அதைப் போட்ட அக்காக்கள் அத்தனை பேரின் வேர்வையும் அதில் இருந்தது. கழுத்துப் பட்டியில் தேங்காய் எண்ணெய் வாடை, அக்குளில் பவுடரும் வேர்வையும் கலந்து ஊறிய ஒரு வாடை. மூக்கு சுளிப்பவர்களுக்குப் பேண்டில் இடமில்லை. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து உள்பக்கம் மட்டும் ஒற்றி எடுத்து, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி திருப்பி நிழலில் காயவைக்க வேண்டும். இஸ்திரி போடுகையில் மேலே ஒரு வெள்ளை வேட்டித் துணி விரித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தோளில் இருக்கும் தங்க ரிப்பன் சுருண்டுவிடும். பித்தளைப் பொத்தான்களுக்குப் புளி. புளித்தண்ணீர் துணியில் பட்டால் கறை, அதனால் பனியன் பெட்டி அட்டையில் ஒரு கீறல் கீறி, பொத்தானை மட்டும் அதற்குள் நுழைத்து வெளியே எடுத்து, அட்டைமேல் வைத்துத் தேய்ப்போம். ஒவ்வொரு பொத்தானாக. விரல் நுனியெல்லாம் புளிப்பு ஏறிவிடும்.

கடைசி விதியைப் பி.டி. டீச்சர் கோட்டைக் கையில் கொடுக்கும்போதே சொல்வார். அவர் பல்லடம் பக்கத்துக்காரர், அதட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் அதட்டுவார்.

"கேட்டுக்கங்க கண்ணுகளா. பெருசா இருந்தா உள்ளுக்குள்ள புடிச்சுத் தச்சுக்கங்க. வெட்டீராதீங்க. அடுத்த வருசம் இன்னொரு புள்ளை போடோணும். ஊட்டுலயும் சொல்லீருங்க. வெட்டாதீங்கன்னு சொல்லிப்போட்டேன், ஆமா."

ஆமாங்க டீச்சர் என்று எல்லோரும் கத்தினோம்.

நான் சைடு டிரம். ஒன்பதாம் வகுப்பு. படிப்பில் நான் சுமார்கூட இல்லை, மட்டம். ஓட்டப்பந்தயத்தில் கடைசி. பாட்டு வராது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் என்பதால் என் பேச்சைக் கேட்டு வகுப்பில் சிரிப்பார்கள். இந்த லட்சணத்தில் இருந்தவளுக்குக் கையில் குச்சியைக் கொடுத்ததும் மணிக்கட்டு தானாகப் பேசியது. அப்படி ஒரு நாள் வரும் என்று எனக்கே தெரியாது. டிரம் வரும்வரை மர ஸ்கேலை வைத்து பெஞ்சில் அடித்துப் பழகச் சொன்னார் டீச்சர். மற்றவர்கள் தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டிருக்கையில் என் பக்கம் வந்து நின்று, "இந்தப் புள்ளைய அந்த ஓரத்துல நிறுத்துங்க, மத்தவீக இவளப் பாத்து வாசிக்கட்டும்" என்றார். ரெண்டாவது வரிசை, ஜனங்கள் நிற்கும் பக்கத்து ஓரம். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்தேன்.

பத்தாம் வகுப்பில் பேண்டு கிடையாது. பரீட்சை வருகிறது என்று எடுத்துவிடுவார்கள். ஆகஸ்ட் பதினைந்து ஒன்று, ஜனவரி இருபத்தாறு ஒன்று, கலெக்டர் கொடி ஏற்றும் மைதானத்தில் இந்த இரண்டு அணிவகுப்புதான் எனக்கு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ரெண்டுல ஒண்ணையாவது நான் பாக்கணும்ட்டி" என்றாள். "எம் மவ கலெக்டர் முன்னாடி கொட்டடிச்சுட்டுப் போறத இந்தக் கண்ணால ஒரு மட்டம் பாத்துட்டா போதும். வேற என்னத்தக் கேக்கேன் நான்?"

வேறு எதையும் அவள் கேட்டதாக எனக்கும் நினைவில்லை.

எனக்கு வந்த கோட்டு முந்தின வருஷம் போட்ட ஒரு அக்காவுடையது. அந்த அக்கா வாட்டசாட்டமான ஆள். நான் அப்போது ஊதினால் பறப்பேன். போட்டுக்கொண்டு நின்றால் உள்ளே இன்னொருத்தி ஒளிந்துகொள்ளலாம். டீச்சர் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இப்படித் தொளதொளன்னு இருந்தா வரிசையே கெட்டுப்போகுமே. சரி பண்ணீட்டு வா. ஆகலைன்னா சொல்லு, வேற புள்ளைக்குக் கொடுத்தர்றேன்."

வேற பிள்ளையாம்! கோட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எங்கள் லைன் வீட்டில் தையல் மெஷின் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஊசி பிடித்துப் பழக்கமில்லை அவளுக்கு. இங்கே வந்து, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகி, மெஷினில் உட்கார்ந்தவள். அவளுக்குத் தெரிந்த தையல் ஓவர்லாக் ஒன்றுதான். ஆனால் அதில் அவளை அடிக்க அந்தக் கம்பெனியின் தையல் லைனில் ஆள் கிடையாது.

கோட்டை மூக்கருகில் வைத்து முகர்ந்தவள், "அய்ய! எத்தன பேரு வேர்வைட்டி இது? ஒரு முக்கு முக்கி எடுத்தா என்ன?" என்றாள்.

"நனைக்கக் கூடாதும்மா. வெட்டவும் கூடாது. உள்ள பிடிச்சுத் தைக்கணும். டீச்சர் நூறு மட்டம் சொல்லிட்டாங்க."

"நான் என்னத்துக்கு வெட்டுதேன்? இடுப்புல ரெண்டு பக்கமும் மூணு விரக்கடை புடிச்சா சரியாப் போவும். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல அடிச்சுட்டு வந்துருதேன்."

என் விலாவில் விரல் வைத்து அளந்தாள். எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது. "நேரா நில்லு மூதி" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் பையும் கையுமாக வந்தபோதே அம்மாவின் முகம் ஜெயித்த முகமாக இருந்தது. போடுட்டி, போடுட்டி என்று என்னைக் கை கழுவக்கூட விடவில்லை. போட்டேன். இடுப்பில் கச்சிதமாகப் பிடித்து, தோளில் நிமிர்ந்து, கோட்டு எனக்கே அளவெடுத்த மாதிரி நின்றது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அக்கா, "அட! போலீஸ் அதிகாரி கணக்கா இருக்கியே" என்றாள். அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"கனத்த துணி பாத்துக்க. அடிக்கும்போது ஊசி டக்குன்னு ஒடிஞ்சுபோச்சு. சூப்பர்வைசர் வந்து ஆடுன ஆட்டம் இருக்கே! ஒடஞ்ச துண்டு அம்புட்டும் கெடச்சாத்தான் வேற ஊசி தருவேன்னுட்டான். காந்தத்தக் கையில வச்சுக்கிட்டு மெஷினுக்கு அடியில தவந்துகிட்டுக் கெடந்தேன், எல்லாவளும் சோத்தத் தின்னுகிட்டு என்னையப் பாத்துச் சிரிக்காளுவ."

"சாப்பிடலையாம்மா நீ?"

"எங்க சாப்புட? துண்டு கெடைக்கவே பெல்லு அடிச்சுட்டான். அத விடு. இடுப்பு எப்படி இருக்கு பாரு!"

வெட்டவில்லையே என்று மறுபடியும் ஒருமுறை கேட்டேன். கேட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கத்திரியக் கையாலயே தொடலட்டி. சாமி சத்தியமா."

பொய்யில்லை. அவள் கத்திரியைத் தொடவில்லை. ஓவர்லாக் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மெஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கத்தி உண்டு. தைக்கத் தைக்க, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துணியை அதுவே நறுக்கித் தள்ளிக்கொண்டு போகும். நறுக்கிய ஓரத்தை நூல் சுற்றிக் கட்டிவிடும். பனியனுக்கு அப்படித்தான் தைக்க வேண்டும். நாள் முழுக்க அந்தக் கத்தி துணியைத் தின்றுகொண்டே இருக்கும், நறுக்கு கீழே பெட்டியில் விழும், சாயங்காலம் வேஸ்ட்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போவான். அதை வெட்டுவது என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். வெட்டுவது கட்டிங் மாஸ்டர் வேலை, அது வேறு செக்‌ஷன், வேறு மேஜை. அம்மா செய்தது தையல். அவளைப் பொறுத்தவரை தையல் என்றாலே அப்படித்தான் இருக்கும். கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்த எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான் போட்டிருந்த எல்லா உடுப்பின் உள்பக்கமும் அதே மாதிரிதான், நூல் சுற்றிய ஓரம். சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆகஸ்ட் பதினைந்துக்கு அம்மா வரவில்லை. ஊருக்கெல்லாம் லீவு, அவள் கம்பெனிக்கு மட்டும் ஷிப்மென்ட். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னார்கள். வராதவளுக்கு இனிமேல் இந்த லைனில் இடமில்லை என்றும் சொன்னார்கள். அம்மா அடுப்படியில் நின்று அந்த சூப்பர்வைசரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்துவிட்டு, காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் அன்றைக்கு நன்றாக வாசித்தேன். தன்னடக்கமெல்லாம் எனக்கு எதற்கு, நன்றாகவே வாசித்தேன். கலெக்டர் மேடையைத் தாண்டும்போது தாளம் மாறும் இடம் ஒன்று உண்டு. குச்சி இரண்டும் துள்ளி ஒரு உருட்டு, உடனே நறுக்கென்று நிறுத்தி மறுபடி நடைத்தாளம். அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். நான் சறுக்கவில்லை. கோட்டு உடம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. தொப்பியின் நாடா தாடையை அறுத்தது. அதுகூடப் பிடித்திருந்தது. முடிந்த கையோடு மைதானத்திலேயே கோட்டையும் தொப்பியையும் டீச்சர் எண்ணி வாங்கி, பாச்சை உருண்டை போட்டுப் பள்ளிப் பீரோவில் பூட்டிவிட்டார்.

சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். எந்த வரிசை, எந்த ஓரம், கலெக்டர் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா. ஆமாம்மா, என்னைத்தான் பார்த்தார் என்றேன். "ஜனவரிக்கு வந்துருதேன். வேல போனாலும் போவட்டும்" என்றாள்.

அதற்கப்புறம் நான் வளர்ந்தேன்.

இதற்கு யாரைத் திட்டுவது? அந்த வயது. புரட்டாசியில் பெரிய மனுஷியானேன். அம்மா எங்கிருந்தோ நாட்டுக்கோழி முட்டையாகத் தேடிப் பிடித்து, நல்லெண்ணெயோடு தினமும் என் தொண்டையில் இறக்கினாள். உளுந்தங்களி கிண்டினாள். தீபாவளிக்குத் தைத்த சுடிதார் பொங்கலுக்குப் பற்றவில்லை. "கண்ணுபடப் போவுது, என்னமா வளந்துட்டா பாரேன்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சுற்றிப் போட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கோட்டின் நினைப்பே இல்லை.

ஜனவரியில் பீரோவைத் திறந்தார்கள். என் கோட்டை வாங்கிக் கையை நுழைத்தேன். தோள் ஏறவில்லை. இழுத்து ஏற்றினேன். முன்பக்கம் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் ஒரு கை போகும் இடைவெளி. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாலும் சேரவில்லை. சுற்றிலும் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"அதுக்கென்ன கண்ணு, உள்ள புடிச்சதப் பிரிச்சு உட்டா ஆச்சு" என்றார் டீச்சர். "உங்கம்மா டெய்லர்தானே? கொடுத்து விடு."

அம்மாவுக்கு அந்த வாரம் ஓவர்டைம். மறுபடியும் சூப்பர்வைசர், மறுபடியும் சாப்பாட்டு நேரம் என்று அவளை அலைக்கழிக்க மனமில்லை. பிரிப்பதுதானே, யாரும் பிரிக்கலாம். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜாக்கெட் தைக்கும் கடைக்காரரிடம் பள்ளி விட்டு வரும் வழியில் கொண்டுபோனேன். அவர் கோட்டை உள்பக்கம் திருப்பினார். ஓரத்தை விரலால் நீவினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபக்கத்தையும் நீவினார்.

"ஏனுங்க அம்மிணி, இத யாரு ஓவர்லாக்குல உட்டது?"

"ஏங்க?"

"உள்ள துணியே இல்லீங்களே. கத்தி தின்னுபோட்டுது. பிரிச்சா நூலுதான் வரும், விட்டுத் தைக்கறதுக்கு அரை விரல்கூட இல்ல. கோட்டுத் துணியப் போயி யாராச்சும் ஓவர்லாக்குல உடுவாங்களா? கூறுகெட்ட வேலையா இருக்குதே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரைக் கூறுகெட்டவள் என்கிறார் இந்த ஆள்? மெஷினுக்கு அடியில் தவழ்ந்து சோறு தின்னாமல் தைத்தவளையா? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "தெரியலீங்க, முன்னாடி போட்ட அக்கா பண்ணிருப்பாங்க" என்றேன். கோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு தெருவில் நின்று அழுதேன்.

அன்றே முடிவு செய்தேன், இது அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் சாகும்வரை விடமாட்டாள், தன்னை. கோட்டு இன்னும் சரியாகத்தான் இருக்கிறது, இந்தத் தடவை பள்ளியிலேயே இருக்கும், வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றாள்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டுவிடலாம் என்று சிவப்புத் துணி தேடினேன். திருப்பூரில் சிவப்புக்கா பஞ்சம்? கட்பீஸ் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. தக்காளிச் சிவப்பு, செங்கல் சிவப்பு, ரத்தச் சிவப்பு, கிறிஸ்துமஸ் சிவப்பு. ஒன்றுகூட என் கோட்டுச் சிவப்பு இல்லை. எல்லாமே பனியன் துணி வேறு, இழுத்தால் இழுபடும். உலகத்துக்கே துணி கொடுக்கும் ஊர் என்று மேடை போட்டுப் பேசுகிறார்களே, எனக்கு நான்கு விரல் துணி கொடுக்க வக்கில்லை அந்த ஊருக்கு. கடைசியில் கிட்டத்தட்ட ஒத்துப்போன ஒரு துண்டை வாங்கி, அதே கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கெஞ்சினேன். அவரும் முனகிக்கொண்டே அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். பொத்தான் சேர்ந்தது! கடைக்குள்ளேயே கையை வீசி வீசி நடந்து பார்த்தேன்.

மறுநாள் மைதானத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினேன். டீச்சர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். வெயிலில் ஒட்டு ஆரஞ்சாகப் பளிச்சிட்டது. குச்சியைத் தூக்கும்போதெல்லாம் இரண்டு பட்டை தெரிந்து தெரிந்து மறைந்தது. கிட்டே வந்து என் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், உள்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டீட்டாங்களா கண்ணு?"

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. பெருமூச்சு விட்டுவிட்டு, எல்லாருடைய கோட்டையும் பார்த்தார். எல்லோருக்கும் சரியாக இருந்தது. உபரிக் கோட்டு என்று ஒன்று அந்தப் பீரோவில் எப்போதும் இருந்ததில்லை.

"என்ன சாமி பண்ணட்டும் நானு? இதப் போட்டுட்டு உன்னை ஓரத்துல நிறுத்த முடியாது. கலெக்டர் முன்னாடி போறது."

ஒட்டைப் பிரித்துப் பழையபடியே மூட்டினார்கள். கோட்டு எட்டாம் வகுப்பில் ஒரு ஒல்லிக்குச்சிப் பிள்ளைக்குப் போனது. போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஆகஸ்டில் எனக்கு இருந்த மாதிரியே இருந்தது, கச்சிதமாக. என் ஓரத்திலேயே அவளை நிறுத்தினார்கள். வாசிப்பு சுமார்தான். அந்த உருட்டு வரும் இடத்தில் ஒரு தட்டு விட்டுவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொள்வாள். வயிறு எரிந்தது எனக்கு. அவள் என்ன பாவம் செய்தாள் என்று இப்போது சொல்லலாம். அப்போது அவள் கால் இடறி விழ வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தேன். வரவேண்டாம்மா என்று மட்டுமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அவளோ ஒரு வாரம் முன்பே லீவு சொல்லிவிட்டாள். இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னாள். "எம் மவ கொட்டடிக்கா, நான் வரமாட்டேன்னு நேரா மூஞ்சிக்கு முன்னால சொல்லிட்டேன்ட்டி" என்று வந்து சிரித்தாள். சித்தி மகன் காதுகுத்துக்குக் கட்டிய பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

குடியரசு தினத்தன்று விடியலிலேயே நான் மற்ற பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போய்விட்டேன். பேண்டில் இல்லாதவள் எதற்குப் போக வேண்டும்? தண்ணீர் கேனையும் பைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று டீச்சர் கேட்டார், நான் கை தூக்கினேன். வீட்டில் இருக்க முடியாதே. பள்ளிக்கூட யூனிபார்மில் பந்தலுக்குப் பின்னால், பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். தட்டி ஓரத்தில் ஒரு இடைவெளி வழியாக எதிர்ப்பக்கக் கயிறு தெரிந்தது. கயிற்றை ஒட்டி ஜனம். கொஞ்ச நேரத்தில் பச்சைப் பட்டு வந்து, இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து கயிற்றைப் பிடித்தது. அவள் பாஷையில் ஏதோ சண்டையும் போட்டாள். கையை நீட்டி நீட்டிப் பேசினாள்.

பேண்டு கிளம்பியது. நான் பேண்டைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தேன். ரெண்டாவது வரிசை அவள் பக்கம் வந்தபோது பக்கத்தில் நின்ற பொம்பளையின் தோளைப் பிடித்து உலுக்கிக் கையைக் காட்டினாள். அப்புறம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள், ஊருக்குப் போகும் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. தூரத்துப் பார்வை அவளுக்கு எப்போதுமே மட்டம். மேடைக்கு நேரே அந்தப் பிள்ளை வழக்கம்போல ஒரு தட்டை விட்டது, எனக்கு இங்கே பைகளுக்கு நடுவில் மணிக்கட்டு துடித்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து, கோட்டுகளை எண்ணி வாங்கிய பிறகு அம்மா பந்தல் பக்கம் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜனங்களுக்கு நடுவிலேயே என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடக்கு முறித்தாள். சொல்லிவிடுவோம், இப்போதே சொல்லிவிடுவோம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"டிரஸ்ஸ அதுக்குள்ள வாங்கிட்டாளுவளா?" என்றாள் அவள்.

"ஆமாம்மா."

"போட்டும். நான்தான் பாத்துட்டேனே! கூட்டத்துல ஒருத்தி கேக்கா, எல்லாப் புள்ளைக்கும் ஒரே டிரஸ்ஸு, மொகமும் தொப்பியில மறஞ்சு கெடக்கு, உம் மவ எதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சன்னு. நான் தச்ச இடுப்பு எனக்குத் தெரியாதாட்டி? மத்தவளுக கோட்டெல்லாம் சாக்கு மாதிரி. உன்னது ஒண்ணுதான் பாந்தமா இருந்துச்சு."

தண்ணீர் கேனை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு அவளோடு நடந்தேன்.

பல்லடம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கலெக்டர் எழுந்து நின்றது, பக்கத்துப் பொம்பளை பொறாமைப்பட்டது, ஊருக்குப் போன் போட்டுச் சித்தியிடம் சொல்ல வேண்டியது. திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அந்த மேடகிட்ட வாசிச்சியே, அத ஒரு மட்டம் அடிச்சுக் காட்டு."

"இங்கயா? எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டுமே! எம் மவதான அடிக்கா."

முன் சீட்டின் கம்பியில் விரல்களை வைத்தேன். அடித்தேன். நடைத்தாளம், துள்ளல், உருட்டு, நறுக்கென்று நிறுத்தி மறுபடியும் நடைத்தாளம். ஒரு தட்டு பிசகவில்லை. இத்தனை மாதம் நான் வாசித்ததிலேயே அதுதான் சுத்தமான வாசிப்பு, இன்றைக்கும் சொல்வேன். பின் சீட்டில் ஒரு பெரியவர், "அட, தேவலையே" என்றார்.

அம்மா தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கன வாசிச்சியே, அதுல பாதிகூட வராது இது" என்றாள்.

கம்பியில் சத்தம் சரியாக வராதும்மா என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.